பாகப்பிரிவினையில் போன ராஜ்ஜியம்: என் அனுபவம்

தண்டையார்பேட்டை வீட்டில் இரவுகளில் நான் விளையாடும் குருசேடர் கிங்ஸ் 3 என்ற, இடைக்கால அரச வம்சத்தை ஆளும் கணினி விளையாட்டில், 1066ஆம் ஆண்டு அயர்லாந்தின் மன்ஸ்டரில் தொடங்கி, அயர்லாந்து, வேல்ஸ் என்ற இரண்டு அரசுகளையும் பிடித்திருந்தேன். நான் ஆடிவந்த கிழட்டு அரசர் கண்ணை மூடியதும் அவருடைய மூத்த மகனுக்கு அயர்லாந்து மட்டுமே மிஞ்சியது. வேல்ஸை வாங்கிக்கொண்ட இளையவன் தனி அரசனாகிவிட்டான். எங்கள் தெருவில் பூர்வீக வீட்டைப் பங்கு போட்டபோதுகூட இவ்வளவு வயிற்றெரிச்சல் வந்ததில்லை.

தொடக்கத்தில் இருக்கும் வாரிசுச் சட்டமே பாகப்பிரிவினைதான் என்பதால், அவர் உயிரோடு இருந்தபோது சேமித்துவைத்த ஆட்டத்துக்குத் திரும்பி, சேர்த்துவைத்த பெருமைப் புள்ளிகளைச் செலவழித்து, இரண்டு அரசப் பட்டங்களுக்கும் தனித்தனியே, சிற்றரசர்களும் வாக்களித்து வாரிசைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல் முறையைக் கொண்டுவந்து, இரண்டிலும் மூத்தவனுக்கே வாக்களித்தேன். அப்படியும் வேல்ஸின் பெரிய சிற்றரசர் ஒருவர் இளையவன் பக்கமே நின்றார். பொன் அனுப்பியும் மசியாதவர், என் மகளை அவர் மகனுக்குக் கட்டிக்கொடுத்த பிறகுதான் இறங்கிவந்தார். கூட்டணி உள்ள சிற்றரசர் நமக்கு எதிரான கலகக் குழுவில் சேர முடியாது என்பதால், அந்தச் சம்பந்தம் இரட்டிப்பு லாபம். இம்முறை இரண்டு மகுடங்களும் மூத்தவன் தலையிலேயே ஏறின. அரசப் பட்டத்துக்கு அடுத்த நிலையிலுள்ள சில கோமகப் பட்டங்கள் தம்பிகளுக்குப் போனாலும், அவர்கள் அவனுக்குக் கீழேயே இருந்தார்கள்.