குதிரையைப் படத்திலும் எழுத்திலும் பிடிப்பது எப்படி?

குதிரையைப் பற்றி எழுத விரும்புபவர் முதலில் அதைப் படமெடுத்துப் பழகுவது நல்லது. குதிரை விஷயத்தில் கற்பனை எளிதில் ஏமாந்துவிடும். பாயும் குதிரை முன்னங்கால்களை முன்னும் பின்னங்கால்களைப் பின்னும் நீட்டி அந்தரத்தில் மிதப்பதாகவே ஓவியர்கள் நெடுங்காலம் வரைந்துவந்தார்கள். 1878-இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் புகைப்படக் கலைஞர் ஈட்வர்ட் மைபிரிட்ஜ் 12 கேமராக்களை வரிசையாக நிறுத்தி, ஓடிவரும் குதிரையே குறுக்கே கட்டிய நூல்களை இடறி அவற்றை இயக்கும்படி செய்து எடுத்த படங்கள், நான்கு குளம்புகளும் தரையைவிட்டு எழும் கணம் உண்டு என்பதையும், அப்போது கால்கள் நீண்டிருக்காமல் வயிற்றுக்கடியில் மடங்கியிருக்கின்றன என்பதையும் காட்டின. ‘நாலுகால் பாய்ச்சல்’ என்றதும் நம் மனதில் எழும் சித்திரம் இன்றும் அநேகமாக அந்தப் பழைய ஓவியம்தான்.

உரிமையாளரிடம் அனுமதி பெற்ற பிறகு, தோள்பக்கமாக, மெல்லக் குரல் கொடுத்தபடி நெருங்குங்கள். நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் இருப்பது குதிரையின் கண்ணில் படாது. ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். அகலக் கோண லென்ஸை முகத்தருகே கொண்டுபோனால் தலை பெருத்து உடல் சூம்பிவிடும். எட்ட நின்று நீள லென்ஸில், கேமராவைக் குதிரையின் மார்பு உயரத்துக்குத் தாழ்த்தி, கண்ணில் ஃபோகஸ் வைத்து எடுங்கள். ஓட்டத்தை உறையவைக்க ஷட்டர் வேகம் குறைந்தது 1/1000 நொடி தேவைப்படும்.

ஆனால் படத்தின் உயிர் காதுகளில்தான் இருக்கிறது. இரண்டும் முன்னோக்கி விறைத்திருந்தால் அது எதையோ கவனிக்கிறது. பின்னோக்கிப் பிடரியோடு ஒட்டிக்கிடந்தால் எரிச்சலில் இருக்கிறது, நீங்கள் விலகிவிடலாம். ஒன்று முன்னும் ஒன்று பக்கவாட்டிலுமாகத் திரும்பியிருக்கும்போது அதன் கவனம் இரண்டு இடங்களில் பிரிந்திருக்கிறது. எனக்குப் பிடித்த கணம் அதுதான்.

எழுத உட்காரும்போது ஒரே ஒரு படத்தை எதிரில் வைத்துக்கொண்டு, ‘கம்பீரம்’, ‘அழகு’ என்ற சொற்களைத் தொடாமல், தெரிவதை மட்டும் எழுதிப்பாருங்கள்: ஈ உட்கார்ந்த இடத்தில் மட்டும் தோல் சுருங்கித் துடிப்பது, ஒரு பின்னங்காலைத் தளர்த்திக் குளம்பின் நுனியை மட்டும் ஊன்றி நிற்பது. படத்தில் இல்லாத ஓசையைக் காதால் கேட்டுக் குறித்துவர வேண்டும். நான்கு கால்களும் ஒருமுறை எடுத்துவைக்கப்படுவதை ஒரு சுற்று என்று கொண்டால், நிதான நடையில் ஒரு சுற்றுக்கு நான்கு தட்டுகள், துள்ளுநடையில் இரண்டு, மிதமான ஓட்டத்தில் மூன்று. வாக்கியத்தின் நீளத்தை அதற்கேற்ப வெட்டலாம்.

குதிரையையே கதைசொல்லியாக்க நினைப்பவர்கள் 1877-இல் வெளிவந்த ஆனா சூவெலின் ‘பிளாக் பியூட்டி’ நாவலைப் படிக்க வேண்டும். தலையை வலுக்கட்டாயமாக நிமிர்த்திப்பிடிக்கும் வார் கழுத்தை எப்படி வதைக்கிறது என்பதை அதில் குதிரையே சொல்கிறது. அடுத்த முறை லாயத்துக்குப் போகும்போது கடிவாளம் வாயோரத்தில் அழுந்தும் இடத்தையும் சேணத்தின் வார் பதிந்த தடத்தையும் நெருக்கத்தில் படமெடுத்து வாருங்கள். உங்கள் கதையின் முதல் பத்தியை அங்கிருந்தே தொடங்கலாம்.