கண்காட்சியிலிருந்து தொப்பிக்கு: தொப்பி செய்பவர்கள் பார்க்க வேண்டிய முறை

தொப்பி செய்யும் தொழிலில் இருப்பவர்கள் ஆடை அலங்காரக் கண்காட்சிக்கோ கைவினைக் கண்காட்சிக்கோ சென்றால், பெரும்பாலும் கைப்பேசி நிறையப் படங்களோடு திரும்புகிறார்கள். அந்தப் படங்களிலிருந்து தொப்பி எதுவும் பிறப்பதில்லை. படத்தில் பதிவது தோற்றம் மட்டுமே. அந்தத் தோற்றம் எதனால் நிற்கிறது என்பதுதான் செய்பவருக்குத் தெரிய வேண்டியது. விளிம்பு ஏன் தொய்யவில்லை, துண்டுகள் எங்கே சேர்கின்றன, தலையைத் தொடும் இடம் எது, எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்ற கேள்விகளுக்கு விடை தேடுவதற்காகவே நுழைவுச் சீட்டு வாங்குகிறோம் என்று எண்ணிக்கொண்டு உள்ளே போனால், கண் வேறு விதமாக வேலை செய்யத் தொடங்கும்.

எங்கே போவது

தொப்பிகளுக்காகவே நடந்த கண்காட்சிகளில் பலரும் இன்றுவரை எடுத்துக்காட்டுவது, 2009இல் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில், தொப்பிக் கலைஞர் ஸ்டீபன் ஜோன்ஸ் தேர்ந்தெடுத்து அமைத்த தொகுப்பாகும். அதில் தொப்பிகள் கால வரிசையில் அடுக்கப்படவில்லை. அகத்தூண்டல், ஆக்கம், விற்பனைக்கூடம், அணிபவர் என்ற நான்கு பிரிவுகளில் வைக்கப்பட்டிருந்தன. அந்தக் கண்காட்சி முடிந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டாலும், அந்தப் பகுப்பை எந்தக் கண்காட்சிக்கும் கையோடு கொண்டு போகலாம். முன்னால் இருக்கும் தொப்பி எதிலிருந்து தோன்றியது, எப்படிச் செய்யப்பட்டது, எப்படி விற்கப்பட்டது, யார் எந்த நிகழ்ச்சிக்கு அணிந்தார் என்று நான்கு முறை கேட்டாலே குறிப்பேட்டில் ஒரு பக்கம் நிரம்பிவிடும்.

தொழிலின் உட்புறத்தைப் பார்க்க விரும்புபவர்கள் இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட்டில் உள்ள ஹாட் வொர்க்ஸ் அருங்காட்சியகத்துக்கும், பிரான்ஸில் லியோன் நகருக்கு அருகே ஷசெல் என்னும் சிற்றூரில் பழைய தொழிற்சாலையொன்றில் இயங்கும் தொப்பி அருங்காட்சியகத்துக்கும் போகலாம். ஸ்டாக்போர்ட், கம்பளியையோ விலங்கு முடியையோ அழுத்திச் செய்யும் ஃபெல்ட் தொப்பிக்குப் பெயர் பெற்ற ஊர். இங்கிலாந்தின் இன்னொரு ஊரான லூட்டன் வைக்கோல் பின்னல் தொப்பிக்குப் பெயர் பெற்றது. இரண்டு ஊர்களின் கால்பந்து அணிகளையும் ரசிகர்கள் இன்றும் தொப்பிக்காரர்கள் என்றே அழைக்கிறார்கள்.

ஆனால் என் கருத்தில், தொப்பிக் கண்காட்சி தொழிலின் வரலாற்றையும் நுட்பத்தையும் கற்றுத்தருமே தவிர, புதிய வடிவத்தை அவ்வளவு எளிதில் தராது. தொப்பியைப் பார்த்துத் தொப்பி செய்தால் கிடைப்பது பெரும்பாலும் அதே தொப்பியின் சற்று இளைத்த நகல். கூடை முடைபவர், மூங்கில் வேலைக்காரர், துணியில் மடிப்பு வைப்பவர், காகிதக் கலைஞர் ஆகியோரின் படைப்புகள் வைக்கப்பட்ட இடங்களில்தான் தொப்பி செய்பவருக்கு உண்மையான வேட்டை இருக்கிறது.

போவதற்கு முன்

ஒரே ஒரு கேள்வியை எழுதிக்கொண்டு போங்கள். "அடுத்த பருவத்துக்கு யோசனை வேண்டும்" என்பது கேள்வியாகாது. "கம்பி வைக்காமல் அகன்ற விளிம்பை நிறுத்த வேறு வழி உண்டா" என்பது கேள்வி. அது கையில் இருந்தால், நூற்றுக்கணக்கான பொருள்கள் உள்ள கூடத்திலும் எதற்கு முன்னால் நிற்பது, எதைக் கடந்து போவது என்பது தானே தெளிவாகும்.

பழைய துணியையும் இறகையும் ஒளி சிதைக்கும் என்பதால், அருங்காட்சியகங்கள் அவற்றுக்கான ஒளியைப் பொதுவாக 50 லக்ஸ் (ஒளியை அளக்கும் அலகு) என்னும் மங்கலான அளவில் கட்டுப்படுத்துகின்றன. வெளி வெயிலிலிருந்து நேராக உள்ளே நுழைபவருக்குக் கறுப்பு வெல்வெட்டில் கறுப்பு நூலால் போட்ட தையல் தெரியவே தெரியாது. முதல் அறையில் சற்று நேரம் உட்கார்ந்து கண்ணைப் பழக்கிய பிறகு தொடங்குங்கள். பல இடங்களில் பேனாவுக்கு அனுமதி இல்லை; மென்மையான பென்சிலும் சிறிய குறிப்பேடும் போதும். உங்கள் கைச்சாணின் நீளத்தையும் கட்டை விரலின் அகலத்தையும் வீட்டிலேயே அளந்து மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக்கு அப்பால் இருக்கும் பொருளின் அளவை ஊகிக்க வேறு வழி இல்லை.

கண்ணாடிப் பெட்டியின் முன்

முதல் சுற்றில் எதையும் எழுதாமல் முழுக் கூடத்தையும் நடந்து பாருங்கள். இரண்டாம் சுற்றில் மூன்று பொருள்களை மட்டும் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றையும் முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் வரையுங்கள். பலர் பின்புறத்தைப் பார்க்காமலேயே நகர்ந்துவிடுகிறார்கள். ஆனால் தொப்பியின் இணைப்புகளும் நாடா முடிச்சும் பிடிப்புச் சீப்பும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஓவியம் அழகாக இருக்க வேண்டியதில்லை. கோடு எங்கே திரும்புகிறது என்பதைக் கை ஒருமுறை வரைந்துவிட்டால், பிறகு மர அச்சின் மேல் ஃபெல்ட்டை ஆவியில் இழுக்கும்போது அந்தத் திருப்பம் நினைவுக்கு வரும்.

அடுத்து ஓரத்தைக் கவனியுங்கள். விளிம்பின் ஓரம் வெறுமனே வெட்டி விடப்பட்டிருக்கிறதா, கம்பியின் மேல் சுருட்டித் தைக்கப்பட்டிருக்கிறதா, நாடா கொண்டு மூடப்பட்டிருக்கிறதா என்பதிலிருந்தே தொப்பியின் உள்ளமைப்பில் பாதியை ஊகித்துவிடலாம். உட்புறம் தெரியாத ஆடைகளுக்கும் இதே முறை பொருந்தும். 2017இல் அதே விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் ஸ்பானிய ஆடைக் கலைஞர் பலென்சியாகா பற்றி நடத்திய கண்காட்சியில், ஆடைகளை எக்ஸ்ரே எடுத்து அவற்றின் உள்ளே இருந்த தாங்கு அமைப்புகளைக் காட்டினார்கள். காற்றில் மிதப்பதுபோலத் தோன்றிய துணியை மறைவாக எது தாங்கியது என்பதை அங்கே கண்கூடாகப் பார்க்க முடிந்தது. எல்லாக் கண்காட்சியிலும் எக்ஸ்ரே கிடைக்காது என்பதால், அந்த ஊகத்தை நாமேதான் செய்ய வேண்டும்.

விவரச் சீட்டைப் படிக்காமல் குறிப்பை முடிக்காதீர்கள். பொம்மையின் தலையில் இருப்பது ஆடையின் காலத்தைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும் என்பதில்லை. நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் 2015இல் நடந்த சீன அழகியல் பற்றிய ஆடைக் கண்காட்சிக்குத் தலையணிகளைச் செய்தவர் ஸ்டீபன் ஜோன்ஸ்தான். அதைக் கவனிக்காதவர் பழங்கால வடிவம் என்று நம்பிச் சமகாலக் கலைஞர் ஒருவரின் படைப்பை வரைந்துகொண்டு வந்திருப்பார்.

கண்ணாடிக்கு அப்பால் நின்று பார்ப்பது போதாது என்று தோன்றினால், 2025 மே மாத இறுதியில் கிழக்கு லண்டனில் திறக்கப்பட்ட, விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் சேமிப்பகமான வி அண்ட் ஏ ஈஸ்ட் ஸ்டோர்ஹவுஸ் ஒரு பெரிய வாய்ப்பு. அங்கே சேமிப்பில் உள்ள பொருள்களில் ஐந்து வரை தேர்ந்தெடுத்து, குறைந்தது இரண்டு வாரம் முன்னதாகப் பதிவு செய்தால், உங்களுக்காக எடுத்து வைக்கிறார்கள், கட்டணம் இல்லை. ஐந்தும் அழகிய தொப்பிகளாக இருக்க வேண்டாம். ஒரே வகையைச் சேர்ந்த, வெவ்வேறு பத்தாண்டுகளில் செய்யப்பட்ட தொப்பிகளைக் கேட்டால் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். எந்தச் சேமிப்பகமானாலும் பழைய முயல்முடி ஃபெல்ட் தொப்பிகளை ஊழியர் சொல்லும் முறையிலேயே கையாளுங்கள். முடியைப் பதப்படுத்த அக்காலத்தில் பாதரச நைட்ரேட் பயன்பட்டது. அந்தப் பாதரசம் இன்றும் ஃபெல்ட்டில் தங்கியிருக்கக்கூடும்.

ஒரு பின்னலிலிருந்து ஒரு தொப்பி

கைவினைக் கண்காட்சியில் கண்டதைத் தொப்பியாக மாற்றுவது எப்படி என்பதை ஓர் எடுத்துக்காட்டோடு சொல்வதே நல்லது. ஜப்பானிய மூங்கில் கூடைகளில் அறுகோணக் கண்கள் கொண்ட பின்னலைப் பார்த்திருப்பீர்கள். சாதாரணப் பாயில் இழைகள் இரண்டு திசைகளில் ஓடுகின்றன. இதில் மூன்று திசைகளில் ஓடி ஒன்றையொன்று பூட்டிக்கொள்கின்றன. அதனால் கண்கள் பெரிதாக இருந்தும் இழைகள் நழுவுவதில்லை. பொருள் குறைவு, எடை குறைவு, உறுதி அதிகம். கோடைக்காலத் தொப்பிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

தட்டையாகப் பின்னினால் இந்தப் பின்னல் தட்டையாகவே இருக்கும். வளைவு வேண்டுமானால், அறுகோணம் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் இழையைக் குறைத்து ஐங்கோணமாக்க வேண்டும். அந்த இடத்தில் பின்னல் கவிகை போலக் குவியும். எழுகோணமாக்கினால் பின்னல் வெளிப்புறமாக விரியும். காலால் பந்தை வலைக்கு மேல் அடித்து ஆடும் செபாக் தக்ரா விளையாட்டின் பிரம்புப் பந்தில், மலேசிய, சிங்கப்பூர் வாசகர்கள் கையில் பிடித்திருக்கக்கூடிய அந்தப் பந்தில், 12 ஐங்கோணக் கண்கள் உள்ளன. ஒரு பந்து முழுமையாக மூடிக்கொள்ள 12 ஐங்கோணங்கள் தேவை. தொப்பியின் உச்சி அரைப்பந்து போன்றது என்பதால், உச்சியிலிருந்து நேராக இறங்கும் சுவர் வரை வருவதற்கு 6 ஐங்கோணங்கள் போதும். அந்தச் சுவரிலிருந்து தட்டையான விளிம்பாக விரிய 6 எழுகோணங்கள் வேண்டும். விளிம்பு கீழ்நோக்கிச் சரிய வேண்டுமானால் எழுகோணங்களைக் குறையுங்கள். அச்சில் வைத்து இழுக்காமல், தைக்காமல், பின்னலின் கணக்கிலேயே தொப்பியின் முழு வடிவமும் கிடைத்துவிடுகிறது.

இதை முதலில் தடித்த காகிதப் பட்டைகளால் செய்து பாருங்கள். காகிதம் மலிவு, தவறினால் கிழித்துவிடலாம். தலையச்சின் மேல் வைத்து ஐங்கோணங்களை எவ்வளவு தூரத்தில் பரப்பினால் உங்கள் அளவு வருகிறது என்று கண்ட பிறகு, நீரில் ஊறவைத்த பிரம்புப் பட்டைக்கோ வைக்கோல் நாடாவுக்கோ மாறுங்கள். சினமே துணியை (அபாகா என்னும் வாழையினச் செடியின் நாரில் நெய்தது) மூலைவாட்டில் வெட்டி மடித்த பட்டையும் பயன்படும். ஓரம் பிரியாது, ஆனால் இழுபடும், ஆகவே பின்னும்போது இறுக்கக் கூடாது.

பனாமா தொப்பி எனப்படும் எக்வடோர் நாட்டுத் தொப்பியையும் இதே கண்ணோடு பாருங்கள். உச்சியின் நடுவில் தொடங்கும் அந்தப் பின்னல், இழைகளைக் கூட்டிக் கூட்டி வெளியே வளர்கிறது. 2012இல் யுனெஸ்கோ அந்தக் கலையைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது

பின்னல் முறை, மடிப்பு முறை, ஓரம் கட்டும் முறை ஆகியவை தலைமுறைகளாகக் கைமாறி வந்தவை. அவற்றைக் கற்றுக்கொள்வதில் தயக்கம் வேண்டாம். உயிரோடிருக்கும் ஒரு கலைஞரின் குறிப்பிட்ட வடிவத்தை அப்படியே செய்து விற்பது வேறு விஷயம். இதற்கு நான் வைத்திருக்கும் சோதனை இதுதான்: பொருள், அளவு, உடலில் இருக்கும் இடம் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு மாறியிருக்க வேண்டும். சட்டைக் கையில் கண்ட பட்டு மடிப்பு, ஃபெல்ட் தொப்பியின் பக்கவாட்டில் பெரிதாக வந்தால் அது உங்கள் வேலை.

இறகு விஷயத்தில் சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1900 வாக்கில் செய்யப்பட்ட தொப்பிகளில் கொக்கு இறகும் சொர்க்கப் பறவையின் இறகும் நிறைந்திருக்கும். அந்த வேட்டையை எதிர்த்து 1889இல் பெண்கள் தொடங்கிய அமைப்புத்தான் பின்னாளில் பிரிட்டனின் பெரிய பறவைப் பாதுகாப்புச் சங்கமாக வளர்ந்தது. 1921இல் இறகு இறக்குமதியைத் தடுக்கும் சட்டமும் அங்கே வந்தது. அந்த இறகுகளின் வளைகோடு பிடித்திருந்தால் சேவல், வாத்து, வான்கோழி இறகுகளுக்குச் சாயமேற்றி, நடுத்தண்டை மெலிதாகச் சீவி, ஆவியில் வளைத்துப் பெறலாம்.

செய்பவரே கடை விரித்திருக்கும் கைவினைச் சந்தைகளில் படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள். "இதை எப்படிச் செய்கிறீர்கள்" என்று கேட்டால் புன்னகைதான் பதிலாகக் கிடைக்கும். "எவ்வளவு நேரம் ஊறவைப்பீர்கள், எந்தப் பக்கம் வெளியே வரும்" என்று கேட்டால் பேச்சு நீளும். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் தஞ்சாவூரில் நெட்டி (நீர்ச்செடி ஒன்றின் மென்மையான தண்டு) வேலை செய்பவர்களிடம் இப்படிப் பேசிப் பார்க்கலாம். கோவில் மாதிரிகளாகவே நாம் பார்த்துப் பழகிய அந்த நெட்டி, ஒரு காலத்தில் உலகம் முழுவதும் போன தொப்பியின் மூலப்பொருள்: வெள்ளைக்காரர்கள் வெயிலுக்கு அணிந்த சோலா தொப்பி, நெட்டியை மெல்லிய தகடுகளாகச் சீவி, அச்சின் மேல் அடுக்கடுக்காக ஒட்டி, மேலே துணி போர்த்திச் செய்யப்பட்டது. கோவில் மாதிரியை விலை பேசும் முன், சீவாத ஒரு நெட்டித் தண்டும் சீவிய ஒரு தகடும் தனியாக விற்பார்களா என்று கேளுங்கள். இரண்டையும் வாங்கிக்கொண்டால், உங்கள் தலையச்சின் வளைவுக்கு எந்தத் தடிமன் உடையாமல் படிகிறது என்பதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம்.