பள்ளித் தடகள அணி: மலைப் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூன் மாதம் பள்ளி திறந்து, பி.டி. சார் விசிலை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு வந்தால் அணியில் சேர ஒரு கூட்டமே நிற்கும். பக்கத்துப் பள்ளிகளோடு மோதும் குறுவட்டப் போட்டிக்கு முந்தின வாரம் பார்த்தால் பாதிப் பேரைக் காணோம். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் வருடா வருடம் நடப்பது இது. காணாமல் போனவர்கள் ஓட முடியாதவர்கள் இல்லை. அணியில் சேர்ந்தால் என்னென்ன செய்ய வேண்டியிருக்கும் என்று யாரும் அவர்களை உட்காரவைத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள். கபடியில் ஒருவன் வராவிட்டால் உடனே தெரிந்துவிடும். தடகளத்தில் அவனவன் ஓட்டம் அவனவனுக்கு என்ற நினைப்பு சுலபமாக வந்து ஒட்டிக்கொள்கிறது. கீழே சொல்லியிருக்கும் தவறுகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் அதுதான்.

உண்மையில் பள்ளிப் போட்டி அப்படி நடப்பதில்லை. 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று மூன்று பிரிவு. குறுவட்டத்தில் ஜெயித்தால் வருவாய் மாவட்டம், அங்கே ஜெயித்தால் மாநில அளவிலான குடியரசு தின தடகளப் போட்டி. ஒவ்வொரு இடத்துக்கும் புள்ளி உண்டு, அதைக் கூட்டித்தான் ஒட்டுமொத்த சாம்பியன் பட்டம். 1500 மீட்டரில் மூச்சுத் திணறி மூன்றாவதாக வந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் கொண்டுவந்த புள்ளிதான் சில வருடம் கோப்பையைத் தீர்மானிக்கும்.

“தேதி வந்ததும் வர்றேன் சார்”

முதல் தவறு இது. போட்டித் தேதி தெரிந்த பிறகு பத்து நாள் விழுந்து விழுந்து ஓடினால் தசைப்பிடிப்புதான் மிச்சம். இதற்குச் சொல்லும் சாக்கு பெரும்பாலும் மழை. சாக்கு என்றாலும் மழை நிஜம்தான். கூடலூர், பந்தலூரில் ஜூன், ஜூலையில் விடாமல் பெய்யும். குன்னூர், கோத்தகிரியில் ஐப்பசி, கார்த்திகையில் பிடித்துக்கொள்ளும். மைதானத்தில் கால் வைக்க முடியாது, சரி. வராண்டா இருக்கிறதே. நின்ற இடத்தில் முழங்காலை உயர்த்தி ஓடலாம், கயிறு தாண்டலாம், தண்டால் எடுக்கலாம். தொடர் ஓட்டக்காரர்கள் நாலு பேரும் வரிசையாக நின்று கையை மட்டும் வீசி பேட்டன் குச்சியை மாற்றிப் பழகலாம். மழை நாளில் வந்து முக்கால் மணி நேரம் இதைச் செய்துவிட்டுப் போகிறவர்களைத்தான் எந்த ஆசிரியரும் முதலில் குறித்துவைப்பார்.

வரவே முடியாத நாளும் இருக்கும். ஹட்டி என்கிற படகர் ஊர்களிலிருந்தும் எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்தும் வருகிறவர்களுக்குச் சாயந்திரம் பஸ் ஒன்றுதான், அதை விட்டால் நடை. யாரும் அதைக் குற்றம் சொல்ல முடியாது. தவறு எதுவென்றால், சொல்லாமல் இருப்பது. “சார், நாளைக்கு அம்மா தேயிலை பறிக்கப் போறாங்க, தம்பியை நான்தான் பாத்துக்கணும்” என்று முதல் நாளே சொல்லிவிட்டால் விஷயம் முடிந்தது. ஆசிரியர்களும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கடைசி பஸ் ஐந்தரைக்குக் கிளம்புகிற ஊரில் ஆறு மணி வரை பயிற்சி வைத்துவிட்டு, ஒழுங்கு இல்லை என்று பிள்ளைகளைத் திட்டுவதில் நியாயம் இல்லை.

ஆர்வக்கோளாறில் செய்யும் இன்னொரு தவறு: விடிவதற்குள் தனியாக எஸ்டேட் ரோட்டில் ஓடக் கிளம்புவது. பனிமூட்டத்தில் பத்தடி தள்ளி நிற்கும் காட்டுமாடு கண்ணுக்குத் தெரியாது. கோத்தகிரிப் பக்கம் கரடியும் உண்டு. நன்றாக வெளிச்சம் வரட்டும், இரண்டு மூன்று பேராகப் போங்கள். அதுவரை வீட்டு வாசலில் உடம்பைச் சூடேற்றிக்கொள்ளலாம். குளிரில் அதற்குச் சமவெளிக்காரர்களைவிடக் கூடுதல் நேரம் வேண்டும். ஸ்வெட்டரை ஓட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால் கழற்றினால் போதும்.

தொடர் ஓட்டத்தில் தெரியும் குணம்

ஓர் அணி எப்படிப்பட்டது என்று தெரிய 4×100 தொடர் ஓட்டத்தைப் பார்த்தால் போதும் என்பது என் கட்சி. ஆளுக்கு 13 வினாடியில் நூறு மீட்டர் ஓடும் நான்கு பேரின் நேரத்தைக் கூட்டினால் 52. ஆனால் முதல் ஆளைத் தவிர மற்ற மூவரும் ஓடிக்கொண்டே பேட்டனை வாங்குவதால், மாற்றம் சரியாக அமைந்தால் 50-ஐ ஒட்டி முடித்துவிடலாம். அமையாவிட்டால் 54-ம் ஆகும், தகுதிநீக்கமும் ஆகும். பள்ளியின் வேகமான நாலு பேரைப் போட்டிக்கு முந்தின நாள் பிடித்து நிறுத்தினால் நடப்பது இரண்டாவதுதான்.

மாற்றம் இப்படி நடக்க வேண்டும். வாங்குகிறவர் தான் நிற்கும் இடத்திலிருந்து பின்பக்கமாகப் பாதத்தோடு பாதம் வைத்து எண்ணி ஒரு குறி போடுவார். பள்ளிப் பிள்ளைகள் இருபது பாதத்தில் ஆரம்பித்துக் கூட்டிக் குறைத்துப் பார்க்கலாம். கொடுக்கிறவர் அந்தக் குறியைத் தொட்டதும் இவர் கிளம்ப வேண்டும், முழு வேகத்தில், திரும்பிப் பார்க்காமல். “கை!” என்று குரல் வந்ததும் கையைப் பின்னால் நீட்டினால் பேட்டன் வந்து உட்காரும். இதெல்லாம் 30 மீட்டர் எல்லைக்குள் முடிய வேண்டும். எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது பேட்டனை வைத்து, ஓடுகிறவர் காலை வைத்து அல்ல. சில மைதானங்களில் பழைய முறைப்படி 20 மீட்டருக்குக் கோடு போட்டிருப்பார்கள், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இதில் கஷ்டமே அந்தத் திரும்பிப் பார்க்காமல் கிளம்புவதுதான். பின்னால் வருகிறவர் கொண்டுவந்து சேர்ப்பார் என்று தெரிந்தால்தான் கால் முழு வேகத்தில் போகும். நம்பிக்கை இல்லாதவர் இரண்டு எட்டு வைத்துவிட்டுக் கழுத்தைத் திருப்புவார், அங்கேயே வேகம் செத்துவிடும். கொடுக்கிறவர் பக்கத்துத் தவறு, கை எட்டப்போகிறது என்றதும் ஓட்டத்தைத் தளர்த்திக்கொள்வது. இரண்டையும் சொற்பொழிவு நடத்திச் சரிசெய்ய முடியாது. அதே நாலு பேர், அதே வரிசையில், வாரக்கணக்கில் சேர்ந்து பழகியிருக்க வேண்டும். நாலில் ஒருவர் வராத நாளில் மற்ற மூவரின் பயிற்சியும் சேர்ந்தே போகிறது.

பேட்டன் விழுந்தால் போட்டவரே எடுக்க வேண்டும் என்பது விதி. கொடுத்து முடித்தவர் மற்ற அணிகள் கடந்து போகும்வரை தன் பாதையிலேயே நிற்க வேண்டும். குறுக்கே ஓடி அடுத்த அணியைத் தடுத்தால் உங்கள் அணிதான் போகும். விழுந்த பிறகு நடக்கும் “நீதான்”, “இல்ல நீதான்” சண்டை எந்த விதியிலும் இல்லை, ஆனாலும் தவறாமல் நடக்கிறது. அன்றைக்கு அந்தப் பேச்சே வேண்டாம். அடுத்த பயிற்சியில் குறியை இரண்டு பாதம் மாற்றிப் பார்ப்பதுதான் அதற்குப் பதில்.

கடைசி ஓட்டம் எனக்குத்தான் வேண்டும் என்று அடம் பிடிப்பதையும் சொல்ல வேண்டும். வளைவில் நன்றாக ஓடுகிறவருக்கு முதல் ஓட்டமோ மூன்றாவது ஓட்டமோதான் பொருத்தம். கைதட்டல் கடைசி ஆளுக்குக் கிடைக்கிறது என்பதற்காக வரிசையை மாற்ற முடியாது. அப்புறம் அந்த ஐந்தாவது ஆள். எல்லாப் பயிற்சிக்கும் வந்து, எல்லா மாற்றமும் பழகி, போட்டியன்று ஓரமாக உட்கார்ந்து எல்லோருடைய பையையும் பார்த்துக்கொள்ளும் பிள்ளை. யாருக்காவது கால் பிசகினால் அந்தப் பிள்ளைதான் ஓட வேண்டும். அணிப் படம் எடுக்கும்போது அவரைக் கூப்பிட மறந்துவிடுகிற அணிகளை நிறையப் பார்க்கலாம்.

“நாங்க மலைக்காரங்க, மூச்சு வாங்காது”

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1968 ஒலிம்பிக் நடந்த மெக்சிகோ சிட்டியும் ஏறக்குறைய அதே உயரம்தான். அங்கே பாப் பீமன் 8.90 மீட்டர் நீளம் தாண்டினார். அதே ஒலிம்பிக்கின் 10,000 மீட்டரில் அப்போதைய உலக சாதனையாளர் ரான் கிளார்க் ஆறாவதாக வந்து மயங்கி விழுந்தார். மெல்லிய காற்று குறைந்த தூர ஓட்டத்துக்கும் தாண்டலுக்கும் கொஞ்சம் உதவும், நீண்ட ஓட்டத்தில் ஆளைக் கசக்கிவிடும். அந்த 10,000 மீட்டரை வென்ற நஃப்தாலி டெமு கென்யாவின் மேட்டுநிலத்தைச் சேர்ந்தவர். ஆக, மலைக்காரர்களின் பெருமை வெறும் பெருமை இல்லை.

ஆனால் மாநிலப் போட்டி பெரும்பாலும் கீழேதான் நடக்கும், திருச்சியிலோ மதுரையிலோ வெயிலில். உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும், நமக்குக் கிடைப்பது ஒரு ராத்திரி. மேலே குளிரில் தாகமே தெரியாத பிள்ளைகள் கீழேயும் தண்ணீர் குடிக்க மறந்துவிடுகிறார்கள். நீர்மோர், உப்புப் போட்ட எலுமிச்சை ஜூஸ் எதுவானாலும் சரி, கிளம்பிய நேரத்திலிருந்து குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். தங்கள் ஓட்டம் வரும்வரை நிழலை விட்டு வரக்கூடாது. முடிந்தால் முந்தின நாளே இறங்கிவிட வேண்டும். போட்டியன்று காலையில் கிளம்பி பர்லியார் வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டு வந்தால் 800 மீட்டருக்குக் காலில் என்ன இருக்கும்? வளைவு ஒத்துக்கொள்ளாத சின்னப் பிள்ளைகளை முன் சீட்டில் உட்காரவைத்து, வயிற்றுக்கு லேசாக இரண்டு இட்லி மட்டும் கொடுத்துக் கூட்டிவருவது பெரிய பிள்ளைகளின் வேலை. அணித்தலைவர் பதவி எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். வேகமாக ஓடுகிற பிள்ளைக்கே அதைக் கொடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

மலையில் ஓடுகிறவர்களுக்கே உரிய ஒரு காயமும் இருக்கிறது. ஏற்றத்தில் ஓடுவது நல்ல பயிற்சி. இறக்கத்தில் தார் ரோட்டில் தடதடவென்று ஓடி வந்தால் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலிக்க ஆரம்பிக்கும். இடம் போய்விடுமோ என்று அதை மறைப்பது பெரிய தவறு. இரண்டு வாரம் ஓய்வில் சரியாகியிருக்க வேண்டியது, மறைத்து ஓடினால் எலும்பில் விரிசல் வரை போய் அந்த வருடத்தையே சாப்பிட்டுவிடும். எனவே ஏற்றத்தில் ஓடுங்கள், இறக்கத்தில் நடந்து வாருங்கள்.

மருந்தும் வயதும்

சளி, இருமல் இல்லாத மலைப் பள்ளி ஏது? மெடிக்கலில் கேட்டு வாங்கும் பல இருமல் சிரப்புகளில் டெர்புடலின் இருக்கும். அது உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப்பட்டியலில் உள்ள மருந்து. தேசிய அளவுக்குப் போகும் பிள்ளையை நம் நாட்டின் ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான ‘நாடா’ பரிசோதிக்கலாம், உடம்பில் இருந்தால் “தெரியாமல் குடித்தேன்” என்பது உங்களைக் காப்பாற்றாது. டாக்டரிடம் போகும்போதே “தடகளத்தில் இருக்கிறேன்” என்று சொல்லி எழுதி வாங்குங்கள். ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் எடுப்பவர்கள் அணியில் சேரும் அன்றே ஆசிரியரிடம் சொல்லிவிட வேண்டும். ஜிம்மில் யாரோ கொடுத்த பவுடரைத் தொடவே வேண்டாம்.

வயதைக் குறைத்துக் காட்டி ஓடவைப்பது பிள்ளைகளின் தவறு இல்லை, பெரியவர்களின் தவறு. இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயதைக் கணிக்கும் சோதனை மேல்மட்டப் போட்டிகளில் இருக்கிறது. மாட்டினால் பிள்ளைதான் தலைகுனிந்து நிற்க வேண்டும். மாட்டாவிட்டாலும், பதினான்கு வயதுப் பிள்ளை ஒன்றின் இடம் பறிபோனது பறிபோனதுதான்.

போட்டியன்று

தன் ஓட்டம் முடிந்ததும் ஷூவைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவது வழக்கமாகிவிட்டது. மாலை நாலு மணிக்குக் காலி மைதானத்தில் குண்டு எறியும் பிள்ளைக்குக் கைதட்ட ஆள் வேண்டாமா? கடைசி நிகழ்ச்சிவரை எல்லோரும் இருக்க வேண்டும், பஸ் பிரச்சினை உள்ளவர்கள் மட்டும் கேட்டுக்கொண்டு போகலாம்.

நடுவரோடு வாதாடுவது ஓடுகிறவரின் வேலை இல்லை. முடிவில் சந்தேகம் இருந்தால், அறிவித்த 30 நிமிடத்துக்குள் ஆசிரியர் முறையிடலாம். ஸ்டார்ட்டில் துப்பாக்கிக்கு முன் கிளம்பினால் முதல் தடவையே வெளியேற்றம் என்பது 2010 முதல் உலக விதி. உள்ளூரில் ஒருமுறை மன்னிப்பார்கள் என்று நினைத்துப் பழகாதீர்கள். நீளம் தாண்டிவிட்டு மணலில் பின்பக்கமாக நடந்து வந்தால் தாண்டியது வீண். ஈட்டியைச் செங்குத்தாகப் பிடித்துத்தான் நடக்க வேண்டும், எறியும் பகுதிக்குள் குறுக்கே போகவே கூடாது. இதில் மட்டும் விளையாட்டுக்கு இடமில்லை, உயிர் போகும்.

வெறுங்காலில் ஓடுகிற பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கும் அணியில் எத்தனை பதக்கம் வந்தாலும் எனக்கு மரியாதை வராது. ஸ்பைக்ஸ் என்கிற ஆணி ஷூவைப் புதிதாக வாங்கிப் போட்டியன்றுதான் முதல்முதலாகப் போட்டு, கொப்புளத்தோடு நொண்டுகிறவர்களையும் அதே மைதானத்தில் பார்க்கலாம்.

வீட்டுக்கு

பத்தாம் வகுப்பு வந்ததும் பப்ளிக் பரீட்சை என்று சொல்லி ஓட்டத்தை ஒரேயடியாக நிறுத்திவிடுகிறார்கள், பெண் பிள்ளைகளை இன்னும் சீக்கிரமாகவே. வாரத்தில் மூன்று சாயங்காலம் ஒரு மணி நேரம் ஓடுவதால் மார்க் குறையாது. தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது, கல்லூரிச் சேர்க்கையிலும் ஸ்போர்ட்ஸ் கோட்டா உண்டு. அதற்காகவே ஓட வேண்டும் என்று சொல்லவில்லை, தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் வாங்கினால் அங்கேயே, மைதானத்தை விட்டு வருவதற்குள், பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் பள்ளிப் பதிவேட்டில் உள்ளபடி இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்கு வந்த பிறகு ஒரே ஒரு இனிஷியலை மாற்ற எத்தனை தடவை மலை இறங்கி ஏற வேண்டியிருக்கும் என்று சொல்ல முடியாது.