மாவட்ட நீதிமன்ற வழக்குக்குச் சான்று திரட்டும் முறை: விசாரணைக்கு முன் செய்யவேண்டியவை

இலங்கையில் திரும்பி வராத கடன், தராத வாடகை, எல்லை தாண்டிய மதில் என எந்தக் குடியியல் வழக்கானாலும் வேலை ஒரு வெற்றுத்தாளில் தொடங்குகிறது. நீதிமன்றத்தில் நிரூபிக்கவேண்டிய ஒவ்வொரு விடயத்தையும் தனித்தனி வரியாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதைக் காட்டும் ஆவணம் எது, அந்த ஆவணத்தைச் சாட்சிக்கூண்டில் ஏறி யார் ஒப்புவிப்பார் என்று குறியுங்கள். ஒப்புவிக்க ஆளில்லாத கடதாசி கோப்பைப் பருக்கச் செய்யுமே தவிர வழக்குக்கு உதவாது.

அடுத்ததாக, வழக்குத் தொடுப்பதற்கான கால எல்லையைப் பாருங்கள். 1871 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தத்துக்கு 6 ஆண்டுகள், வாய்மொழி ஒப்பந்தத்துக்கு 3, நட்டஈட்டுக் கோரிக்கைக்கு 2. கடனுக்கு விற்ற சரக்கின் பணத்துக்கு 1 ஆண்டுதான். கொழும்புப் புறக்கோட்டை வியாபாரிகள் சிக்கிக்கொள்வது இந்தக் கடைசி எல்லையில். 'அடுத்த மாதம் தாறன்' என்ற பேச்சை நம்பியே ஆண்டு கழிந்துவிடும்.

கோரிக்கைக் கடிதத்தைச் சட்டத்தரணி மூலம் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தபால் பற்றுச்சீட்டைக் கடிதத்தின் பிரதியோடு சேர்த்துக் குத்திவையுங்கள். தொகை, தேதி, கொடுக்கல் வாங்கலின் விவரம் எல்லாம் கடிதத்திலேயே இருக்கட்டும். வியாபாரக் கடிதத்தில் சொன்ன விடயத்தை ஏற்காதவர் பதில் எழுதவேண்டும் என்பதை 1948 இன் சரவணமுத்து எதிர் டி மெல் தீர்ப்பிலிருந்து நீதிமன்றங்கள் வலியுறுத்தி வந்திருக்கின்றன. எதிராளியின் மௌனமும் உங்களுக்குச் சான்றாகலாம். மொட்டையாக 'என் பணத்தைத் தா' என்று எழுதினால் அந்தப் பலன் கிடைக்காது.

அரச ஆவணங்களுக்கு அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுங்கள். சாதாரண நிழற்பிரதி போதாது. காணிப் பதிவகத்தில் உறுதியின் பதிவு விவரம், கொழும்பு மாநகர சபையில் வரிமதிப்பீட்டுப் பதிவு, பொலிஸ் நிலையத்தில் முறைப்பாட்டின் பிரதி ஆகியவை பெரும்பாலும் தேவைப்படும். அலுவலகம் இழுத்தடித்தால் 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலைநாட்களுக்குள் சொல்லவேண்டும்.

வாட்ஸ்அப் செய்திகள், குரல்பதிவுகள், கணினிக் கணக்குகள் இப்போது பல வழக்குகளின் உயிர்நாடி. செய்திகள் இருந்த கைபேசியை மாற்றிவிட்டு, வெட்டிய திரைப்பிடிப்புகளை மட்டும் கொண்டுவருவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. உரையாடலை முழுவதுமாக, எண்ணும் தேதியும் நேரமும் தெரியும்படி ஏற்றுமதி செய்யுங்கள். மூலக் கருவியை அழிக்காமல், பழுதுபார்க்கக் கொடுக்காமல் வையுங்கள். 1995 ஆம் ஆண்டின் சான்று (விசேட ஏற்பாடுகள்) சட்டம் இத்தகைய சான்றுக்கு விசாரணைத் தேதிக்கு 45 நாட்களுக்கு முன்பே எதிர்த்தரப்புக்கு அறிவித்தல் கேட்கிறது. அவர்கள் பரிசோதிக்க விரும்பினால் 15 நாட்களுக்குள் கேட்கலாம். 2006 ஆம் ஆண்டின் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்தின் கீழ் வரும் ஆவணங்களுக்குத் தனி விதிகள் உண்டு. உங்கள் ஆவணம் எந்தச் சட்டத்தில் விழும் என்ற வாதத்தில் மாட்டாமலிருக்க 45 நாள் அறிவித்தலை எப்படியும் கொடுத்துவிடுவதே நல்லது. வழக்கு சிங்களத்தில் நடந்தால், தமிழில் உள்ள செய்திகளுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் மொழிபெயர்ப்பு எடுங்கள்; நீண்ட உரையாடலுக்கு நாளெடுக்கும்.

ஆவணம் எதிராளியிடம் இருந்தால், கைவசமுள்ள ஆவணங்களை அவர் சத்தியக்கடதாசி மூலம் வெளிப்படுத்தும்படி கட்டளையிட நீதிமன்றத்தைக் கேட்கலாம். குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 94 ஆம் பிரிவின்படி நீதிமன்ற அனுமதியோடு எழுத்து வினாக்களும் அனுப்பலாம். அமெரிக்கப் படங்களில் வருவதுபோல் சாட்சியை அலுவலகத்தில் உட்காரவைத்து முன்கூட்டியே குறுக்குவிசாரணை செய்யும் வழக்கம் இங்கே இல்லை. ஆகவே இந்த வினாக்களை வீணாக்கக்கூடாது. 'நீங்கள் பணம் வாங்கினீர்களா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதி முடித்துவிடுவார். எந்த வங்கிக் கணக்கில் எந்தத் தேதியில் எவ்வளவு வரவு வைக்கப்பட்டது என்று கேளுங்கள். நீதிமன்றக் கட்டளையை மீறினால் வழக்காளியின் வழக்கு தள்ளுபடியாகவும் பிரதிவாதியின் எதிர்வாதம் நீக்கப்படவும் கூடும். இவ்வளவு வலிமையுள்ள வழியைப் பலர் தொடுவதே இல்லை.

எல்லாம் சேர்ந்ததும் வருவது அதே கோவையின் 121 ஆம் பிரிவின் சாட்சிகள், ஆவணங்கள் பட்டியல். விசாரணைத் தேதிக்குக் குறைந்தது 15 நாட்களுக்கு முன் அது நீதிமன்றத்தில் இருக்கவேண்டும். 2017 திருத்தம் முன்விசாரணைக் கட்டத்தைக் கொண்டுவந்திருப்பதால் இரண்டில் முந்திய தேதியிலிருந்தே பின்னோக்கி எண்ணுங்கள். பட்டியலில் இல்லாத சாட்சியையும் ஆவணத்தையும் நீதிமன்ற அனுமதியின்றிக் கொண்டுவர 175 ஆம் பிரிவு விடாது. அனுமதி கேட்கும்போது 'மறந்துவிட்டோம்' என்ற காரணம் எடுபடாது. இரு தரப்பினரையும் பட்டியலில் இல்லாமலே சாட்சியாக அழைக்கலாம். குறுக்குவிசாரணைக்குக் காட்டும் ஆவணத்துக்கும் விலக்கு உண்டு. மற்ற எல்லாவற்றையும் எழுதுங்கள். வங்கி அதிகாரியைப் பெயரால் எழுதாமல் பதவியால் எழுதுங்கள்: 'முகாமையாளர், இன்ன கிளை, அல்லது அவரால் அதிகாரமளிக்கப்பட்டவர்'. அவர் இடமாற்றமாகிப் போனாலும் அழைப்பாணை செல்லும். பட்டியலைத் தாக்கல் செய்தபின் சாட்சிகளுக்கு அழைப்பாணை கேட்டு, செலவுப் பணத்தையும் கட்டிவிடுங்கள்.

வெளிநாடு போகவிருக்கும் சாட்சி இருந்தால் விசாரணை நாள்வரை காத்திருக்கவேண்டாம். கொழும்புத் தமிழர் வழக்குகளில் இது அடிக்கடி வரும். வழக்குத் தொடுத்தபின் எப்போதும் 178 ஆம் பிரிவின் கீழ் அவரது சாட்சியத்தை உடனே பதிவுசெய்யும்படி கேட்கலாம். விமானச்சீட்டு, விசா போன்றவற்றின் பிரதியை விண்ணப்பத்தோடு இணையுங்கள்.