போர்க்காலப் படத்தை இன்றைய தெருவோடு இணைப்பது எப்படி

கூரை சரிந்த கட்டடத்தின் பழைய படத்தை, அதே இடத்தில் இன்று எடுத்த வண்ணப் படத்துக்குள் இழைத்துக் காட்டினால், தாங்கள் தினமும் நடக்கும் நடைபாதையில்தான் அது நடந்தது என்பது மாணவர்களுக்கு உறைக்கும். இரண்டாம் உலகப் போரின் லெனின்கிராட் முற்றுகைப் படங்களை, அந்நகரின் இன்றைய பெயரான செயின்ட் பீட்டர்ஸ்பர்க் தெருக்களோடு இணைத்த செர்கேய் லாரென்கோவின் படங்கள் நல்ல முன்மாதிரி.

கிட்டத்தில் ஒன்றும் தூரத்தில் ஒன்றுமாக, இன்றும் நிற்கும் இரண்டு கட்டடங்களாவது தெரியும் படத்தைத் தேர்ந்தெடுங்கள். அச்சுப் படம் என்றால் 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் செய்யுங்கள். பெயர்ப்பலகை எழுத்துகளைப் பார்த்து, படம் இடவலமாகத் திரும்பியிருக்கிறதா என்று சோதியுங்கள். படக்குறிப்பை அப்படியே நம்ப வேண்டாம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் தணிக்கை குண்டுவீச்சுக்கு உள்ளான ஊர்களின் பெயர்களை மறைத்தது. இங்கிலாந்தின் ஹல் நகரம் வெறும் 'வடகிழக்குக் கரையோர நகரம்' என்றே செய்திகளில் வந்தது.

படம் பிடித்தவர் நின்ற இடத்தில் நிற்பதுதான் பாதி வேலை. பழைய படத்தில் கிட்டத்துத் தூணின் விளிம்பு தூரத்துக் கோபுரத்தின் எந்த ஜன்னலைத் தொடுகிறது என்று பாருங்கள். இன்றும் அதே ஜன்னலைத் தொடும்வரை இடமும் வலமுமாக நகருங்கள். அடுத்து முன்னும் பின்னும். பழைய படத்தில் கிட்டத்து வாசலின் உயரம் 40 மி.மீ., கோபுரத்தின் உயரம் 25 மி.மீ. என்றால் விகிதம் 1.6. போன் திரையிலும் 1.6 வர வேண்டும். கூடினால் பின்வாங்குங்கள், குறைந்தால் முன்னேறுங்கள். ஸூம் செய்வதால் இந்த விகிதம் மாறாது.

உயரமும் முக்கியம். சமதரையில் எடுத்த படத்தில் தொடுவானக் கோடு நிற்பவர்களின் கண்மட்டத்தில் போனால், கேமரா கண்ணருகே இருந்தது. இடுப்பு மட்டத்தில் போனால், ரோலிஃப்ளெக்ஸ் போல மேலிருந்து குனிந்து பார்க்கும் கேமராவாக இருக்கலாம். நீங்களும் போனை இறக்குங்கள். போனை அண்ணாந்து பிடித்தால் சுவர்கள் உள்நோக்கிச் சாயும். நேராகப் பிடித்து, தேவையற்ற தரையைப் பிறகு வெட்டுங்கள். நிழல் விழும் திசையைப் பார்த்து நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

ஜிம்ப் என்ற இலவசப் படத்திருத்த மென்பொருளில் இன்றைய படத்தைக் கீழேயும் பழையதை மேலேயும் லேயர்களாக (அடுக்குகளாக) வைத்து, மேல் லேயரின் ஒப்பாசிட்டியை (ஒளிபுகாத் தன்மையை) 50 சதவீதமாக்குங்கள். தள்ளித் தள்ளி இருக்கும் நான்கு கட்டட மூலைகளைப் பொருத்துங்கள். கிட்டத்துப் புள்ளிகள் பொருந்தித் தூரத்தவை விலகினால், நின்ற இடம் தவறு. இழுத்து வளைத்துச் சரிசெய்யப் பார்க்காமல் மறுபடி போய் எடுப்பதே மேல்.

பொருந்தியதும் ஒப்பாசிட்டியை 100க்கு ஏற்றி, மேல் லேயருக்கு, அதை முழுதாக மறைக்கும் கருப்பு மாஸ்க் இட்டு, வெள்ளை பிரஷால் பழையதை வெளிக்கொண்டு வாருங்கள். 4000 பிக்சல் அகலப் படத்தில் சாலைக்கு 200 பிக்சல் மென்மையான பிரஷ் போதும். சுவர் விளிம்புக்குச் சிறிய, கூர்மையான பிரஷ். பழைய வானம் பெரும்பாலும் வெளிறிக் கிடக்கும், அதை விட்டுவிடுங்கள். மனிதர்களை மட்டும் கத்தரித்து வேறிடத்தில் நிறுத்தாதீர்கள். அவர்கள் நின்ற தரையும் சேர்ந்தே வர வேண்டும். பழைய பகுதிக்கு வண்ணம் பூசவும் வேண்டாம். எது அன்று, எது இன்று என்பது அதில் குழம்பிவிடும்.

வகுப்பில் முதலில் பழைய படத்தை முழுதாகக் காட்டி, இன்றும் எது மிஞ்சியிருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள். பிறகே இணைத்ததைக் காட்டுங்கள். அதன் கீழே இரு படங்களின் தேதி, இடம், ஆவணக் காப்பக எண், 'இணைக்கப்பட்ட படம்' என்ற குறிப்பு நான்கும் இருக்கட்டும். இறந்தவர் முகம் தெரியும் படங்களைத் தவிருங்கள்; அவர்களின் உறவினர் அதே தெருவில் இன்னும் குடியிருக்கலாம்.