கவர் லெட்டர் என்பது விடுப்பு விண்ணப்பம் அன்று

பெங்களூருவில் ஒரு சிறு நிறுவனத்துக்கு வரும் வேலை விண்ணப்பங்களைச் சில ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். தமிழ்நாட்டிலிருந்து வரும் கவர் லெட்டர்களில், அதாவது ரெஸ்யூமோடு இணைத்து அனுப்பும் கடிதங்களில், பலவற்றை முதல் வரியிலேயே அடையாளம் கண்டுகொள்ளலாம். பள்ளிக்காலத்தில் காய்ச்சலுக்கு எழுதிய விடுப்பு விண்ணப்பம்தான் ஆங்கில உடையில் வந்து நிற்கும். அனுப்புநர், பெறுநர், பொருள் என்று தொடங்கி, குடும்பச் சூழலைச் சொல்லி, வாய்ப்பளித்தால் என்றும் கடமைப்பட்டிருப்பேன் என்று முடியும் அந்த அமைப்பில் பணிவு நிறைய இருக்கிறது, ஆனால் அந்த வேலையைப் பற்றி ஒரு சொல்கூட இருப்பதில்லை. விடுப்பு விண்ணப்பம் எழுதுபவரின் தேவையைச் சொல்வது. கவர் லெட்டரோ படிப்பவரின் தேவைக்குப் பதில் சொல்ல வேண்டியது. பெரும்பாலான தவறுகள் இந்த வேறுபாட்டை மறப்பதால் வருபவைதாம்.

கடின உழைப்பாளி, விரைவில் கற்றுக்கொள்பவர், குழுவோடு இணைந்து செயல்படுபவர் என்று பண்புகளை அடுக்குவது இவற்றுள் முதன்மையானது. எவரும் தம்மைச் சோம்பேறி என்று எழுதப்போவதில்லை என்பதால் இச்சொற்களால் ஒருவரையும் பிரித்தறிய முடியாது. கணக்குப் பிரிவில் வேலை கேட்பவர், "கணக்கியலில் ஆழ்ந்த அனுபவம் உண்டு" என்று எழுதுவதைவிட, "ஓர் உதிரிபாக விற்பனை நிறுவனத்தில் மாதந்தோறும் 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி ஆகிய ஜிஎஸ்டி வரிப் படிவங்களைத் தாக்கல் செய்வதை இரண்டு ஆண்டுகளாக நானே கவனித்து வருகிறேன்" என்று எழுதினால், அந்த நாற்காலியில் அவரை உட்காரவைத்துப் பார்க்க முடிகிறது. புதிதாகப் படிப்பை முடித்தவர்களுக்கும் இது பொருந்தும்; கல்லூரி புராஜெக்டில் குழு செய்தது எது, தாம் செய்தது எது என்று பிரித்துச் சொன்னாலே போதும். ரெஸ்யூமில் உள்ளதை மறுபடி வாக்கியமாக்குவதும் வீண். விளம்பரத்தில் கேட்டவற்றுள் முக்கியமான இரண்டை எடுத்துக்கொண்டு அவற்றுக்கு மட்டும் விடை எழுதினால் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும்.

ஒரே கடிதத்தைப் பத்து இடங்களுக்கு அனுப்புபவர்கள் நிறுவனத்தின் பெயரை மாற்ற மறந்துவிடுவதும் உண்டு. வேறொரு நிறுவனத்தில் சேர்வது தம் நெடுநாள் கனவு என்று எங்களுக்கே எழுதியவரை நான் சிரித்துக்கொண்டே ஒதுக்கிவைத்தேன். அவர் திறமையானவராகவும் இருந்திருக்கலாம். ஏஐ கருவிகளைக் கொண்டு எழுதுவது தவறென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒரே நாளில் வரும் மூன்று கடிதங்கள் ஒரே வாக்கியத்தில் தொடங்கும்போது மூன்றுமே மனத்தில் நிற்பதில்லை.

தந்தை பெயர், மதம், திருமண நிலை ஆகியவற்றை எழுதும் பழைய பயோடேட்டா வழக்கத்தைக் கைவிடலாம். ஆதார், பான் எண்களை இந்தக் கட்டத்தில் எழுதவே கூடாது, ஏனெனில் கடிதம் யார் யார் கைக்குப் போகும் என்பது நமக்குத் தெரியாது.

மாறாக, தேவையான செய்திகள் விடுபட்டுப்போகின்றன. இந்நகரத்தில் நோட்டீஸ் பீரியட், அதாவது விலகுவதாகச் சொன்னபின் பழைய வேலையில் தொடரவேண்டிய காலம், 30 நாளா 90 நாளா என்பதை வைத்தே அழைப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பவர்கள் உண்டு. ஒயிட்ஃபீல்டில் குடியிருப்பவர் நகரின் மறுகோடியிலுள்ள பீன்யாவில் வேலை கேட்டால், தினமும் எப்படி வருவார் என்ற ஐயம் எழாமலிருக்காது. வீடு மாற்றிக்கொள்ள ஆயத்தமாக இருந்தால் அதை ஒரு வரியில் சொல்லிவிடலாம். வாடிக்கையாளர்களோடு பேசும் வேலையென்றால் கன்னடம் எந்த அளவுக்குத் தெரியும் என்பதை உள்ளபடி குறிப்பிடுவதும் நல்லது. சம்பளத்தை மட்டும், அவர்கள் கேட்டிருந்தாலொழிய, நேர்காணலுக்கு விட்டுவிடலாம்.

அனுப்பும் நேரத்தில் நேரும் பிழை ஒன்று எல்லாவற்றையும் பாழாக்கிவிடும். இருபது நிறுவனங்களின் முகவரிகளையும் பெறுநர் கட்டத்தில் ஒன்றாக இட்டு அனுப்பினால், இருபது பேரும் மற்ற பத்தொன்பது பேரைப் பார்த்துவிடுகிறார்கள்.