திங்கட்கிழமையில் சிக்கிய ஃபுளோரன்ஸ் திட்டம்

இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகருக்கு ஞாயிறு, திங்கள் என இரண்டே நாள். உஃபிஸி ஓவியக்கூடம், மைக்கேலாஞ்சலோவின் தாவீது சிலை இருக்கும் அக்காதெமியா அருங்காட்சியகம் இரண்டுக்கும் திங்கள் விடுமுறை. அதனால் ஞாயிறு காலை உஃபிஸி, மதியம் அக்காதெமியா என்று மாற்றினேன். மாதத்தின் முதல் ஞாயிறானால் இது சரிவராது: நுழைவு இலவசம், கூட்டம் தாங்காது.

திங்களுக்கு கதீட்ரல் குவிமாடம். முதலில் பதிவு செய்ய வேண்டியது இதைத்தான். குறித்த நேரத்துக்கு மட்டுமே விடுவார்கள். 463 படி, லிஃப்ட் கிடையாது. கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி குவிமாடத்தை உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரட்டை ஓடாகக் கட்டியதால் படிகள் அந்த இடுக்கில் வளைந்து ஏறுகின்றன. முதுகுப்பையோடு திரும்பவே முடியாது. நடுவில், குவிமாடத்தின் உட்புறத்தில் ஓவியர் வசாரி தொடங்கிய இறுதித் தீர்ப்பு ஓவியம் மிக அருகில் வரும். பலர் அங்கே நிற்காமல் ஓடுகிறார்கள், பாவம். பெட்டியை ரயில் நிலையத்தில் வைத்துவிடலாம். கதீட்ரல் பத்து நிமிட நடைதான்.